புது வீட்டில் எது சீக்கிரம் பழசாகும்? தரை, முகப்பு, சீலிங், சமையலறை: ஓர் ஒப்பீடு

1990-களில் கட்டிய வீடுகளின் ஹாலில் பெரும்பாலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஷோகேஸ் ஒன்று இருக்கும். நடுவில் 21 அங்குல டிவிக்கென்று ஆழமான பொந்து, அதைச் சுற்றிக் கான்கிரீட் தட்டுகள், தட்டுகளுக்குக் கண்ணாடிக் கதவு. பெட்டி டிவி போய்த் தட்டை டிவி வந்தபோது அந்தப் பொந்துக்குள் புதுசு நுழையவில்லை. ஆள், கூலி, தூசி என்று யோசித்து இடிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

இன்று வீடு கட்டுகிறவர்கள் கையில் இருக்கும் பட்டியல் வேறு: வரி வரியாகச் செதுக்கிய டிவி பேனல், மார்பிள் கோடு போட்ட பெரிய டைல்ஸ், இரண்டு மூன்று அடுக்கு ஃபால்ஸ் சீலிங், பெட்டி மாதிரி எலிவேஷன் (முகப்பு), கறுப்புக் குழாய்கள். இவற்றில் எது பத்து வருடத்தில் 'அந்தக் காலத்து வீடு' என்று காட்டிக்கொடுக்கும்? ஜோசியம் எதுவும் தேவையில்லை. இரண்டு கேள்விகள் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். ஒன்று, பிடிக்காமல் போனால் இதை எடுக்க எதை உடைக்க வேண்டும்? இரண்டு, இது ஒரு பொருளா, இல்லை இன்னொரு பொருளின் படமா?

ஃபேஷன் என்பதாலேயே ஒன்று பழசாகிவிடாது. செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்கு, இத்தாலிய மார்பிள், ஜப்பான் டைல்ஸ், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக் கட்டியவை அவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அதுதான் பணக்கார ஃபேஷன். கொஞ்சம் ஆடம்பரக் காட்சியும்கூட. ஆனாலும் இன்று போய்ப் பார்த்தால் கண்ணை உறுத்துவதில்லை. மரம் மரமாகவும் கல் கல்லாகவும் இருக்கிறது. அடியில் இருக்கும் திட்டம், அதாவது திண்ணை, முற்றம், நேருக்கு நேர் வாசல்கள், நம் வெயிலுக்குப் பொருந்தியது. அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு ஃபைபரில் தூண் வார்த்து போர்ட்டிகோவில் நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

தரை

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தரையை மாற்றுவது என்றால் வீட்டைக் காலி செய்வது என்று அர்த்தம்.

இப்போது அதிகம் போடுவது பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ், இரண்டுக்கு நான்கு அடி அல்லது அதைவிடப் பெரியது, வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடும் இத்தாலிய மார்பிள் டிசைன். கடையில் நிறுத்தி வைத்திருக்கும்போது அழகுதான். ஆனால் ஒரு டிசைனில் சில விதப் படங்கள் மட்டுமே அச்சாகின்றன. ஹால் முழுக்கப் பரப்பியதும் அதே நரம்பு, அதே வளைவு, நாலு கல் தள்ளி மறுபடி வரும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும். அச்சுத் தொழில்நுட்பம் வருடா வருடம் மேம்படுவதால், நேற்றைய அச்சு இன்றைய அச்சுக்குப் பக்கத்தில் மங்கித் தெரிவதையும் தவிர்க்க முடியாது. மரப்பலகை டிசைன் டைல்ஸுக்கும் இதே கதி. பத்து வருடம் முன்பு வந்த மர டைல்ஸை இப்போது பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

அதற்காக விட்ரிஃபைட் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை, பராமரிப்பு, கறை பிடிக்காமை எல்லாவற்றிலும் அதை வெல்வது கஷ்டம். குஜராத்தின் மோர்பியிலிருந்து எல்லா ஊருக்கும் வந்துவிடுகிறது. எந்த மேஸ்திரிக்கும் போடத் தெரியும். வாங்கும்போது 'டபுள் சார்ஜ்' வகையா, மேலே அச்சிட்டு கிளேஸ் பூசிய வகையா என்று கேளுங்கள். முதலாவதில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் வரை இருக்கும். இரண்டாவதில் படம் மேற்பரப்போடு சரி. அப்புறம் டிசைன்: எதன் படமும் இல்லாத, வெளிர் நிற, அரைப் பளபளப்புக் கல்லாக எடுத்தால் அது எந்த வருடத்தையும் காட்டிக்கொடுக்காது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முழுப் பளபளப்பை எப்படியும் தவிர்க்க வேண்டும். ஈரம் பட்டால் வழுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆத்தங்குடிக் கல். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமென்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் சேர்ந்த கலவையைப் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடிதான் கல்லுக்கு வழவழப்பைக் கொடுக்கிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். விட்ரிஃபைட் போட்ட அன்றுதான் உச்ச அழகில் இருக்கும், இது வருடம் போகப் போகத்தான் கூடும். குறைகளும் உண்டு. எலுமிச்சை, புளி போன்ற அமிலம் பட்டால் தடம் விழும், ஓரம் சீக்கிரம் உடையும், அடியில் கனமான கலவைப் படுக்கை வேண்டும், போடத் தெரிந்த ஆள் வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆத்தங்குடியே இப்போது ஒரு ஃபேஷன் இல்லையா என்று கேட்கலாம். ஆமாம். ஹோட்டல், காபிக் கடை எல்லாவற்றிலும் அதே பூ டிசைன் வந்துவிட்டது. வீடு முழுக்க ஐந்து நிறப் பூவாகப் போட்டால் நிச்சயம் சலிக்கும். ஹாலில் ஒரே நிறச் சிவப்பு அல்லது மஞ்சள் கல், ஓரத்தில் பார்டர், பூ டிசைன் திண்ணையிலோ பூஜை அறையிலோ மட்டும் என்று வைத்தால் போதும். பழைய வீடுகளிலேயே இந்தக் கட்டுப்பாடு உண்டு. முதலில் சலிக்கப்போவது ஆத்தங்குடி டிசைனை அச்சடித்து வரும் செராமிக் டைல்ஸ். விலை குறைவு என்று அதை எடுப்பதற்குப் பதில் சாதாரண டைல்ஸே மேல்.

காவித் தரை, அதாவது ரெட் ஆக்சைடு, எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. பொருளுக்குச் செலவு குறைவு, ஆளுக்குத்தான் செலவு. டைல்ஸ் வந்தபிறகு கரண்டியால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். வெடிப்பு வரும், வந்தால் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்ய முடியாது. மெல்லிய வெடிப்பைப் பார்த்தால் தூக்கம் வராத ஆள் நீங்கள் என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கிரானைட் நம் ஊர்ச் சரக்கு. 'காஷ்மீர் வைட்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போகும் கல் வெட்டுவது மதுரைப் பக்கத்தில். புள்ளி போட்ட இளஞ்சிவப்புக் கல், சுற்றிலும் கறுப்பு பார்டர் என்கிற 2000-களின் கூட்டணி இன்றைக்குப் பழசாகத்தான் தெரிகிறது. ஆனால் கல் தேயவில்லை. மறுபடி பாலிஷ் போடலாம். ஒரே நிறமாக எடுத்தால் இந்தப் பிரச்சினையும் வராது.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970, 80-களின் மொசைக் தரை இருந்தால், அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்லும் காண்ட்ராக்டரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மேலே ஒட்டினால் தரை மட்டம் உயரும், எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டும், குளியலறை வாசல் கணக்கு தப்பும். மொசைக்கை மெஷின் வைத்துத் தேய்த்து மறுபாலிஷ் போட்டால் போதும். அதே சில்லு டிசைனைத்தான் இப்போது அச்சடித்து, கூடுதல் விலைக்குப் புது டைல்ஸாக விற்கிறார்கள்.

முகப்பு

எலிவேஷனில் இப்போதைய மோகம், சன்ஷேடே இல்லாத பெட்டி வடிவம். முப்பரிமாணப் படத்தில் வழவழவென்று இருக்கும். நம் வெயிலில் ஜன்னலுக்கு மேல் நீட்டிய இரண்டு அடி சிமென்டுப் பலகை செய்கிற வேலையை எந்தப் பூச்சும் செய்யாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நீர் இறங்கும், உள்சுவரில் பட்டி உப்பும், வெளிச்சுவரில் கறுப்புக் கோடுகள் விழும். அப்புறம் என்ன நடக்கிறது தெரியுமா? அதே பெட்டி எலிவேஷன் மேல் பாலிகார்பனேட் ஷீட்டோ தகரமோ வைத்து ஷேடு போடுகிறார்கள். சன்ஷேடு வைத்துக் கட்டியிருந்தால் இதைவிட அழகாக இருந்திருக்கும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ஆர்க்கிடெக்ட் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முகப்பில் ஏசிபி ஷீட், அதாவது இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை, ஒட்டுவது ஏற்கனவே கடை வீதித் தோற்றம் தர ஆரம்பித்துவிட்டது. வெயிலில் நிறம் மங்கும், இணைப்பு சிலிகான் விட்டுப்போகும். பாலிஎத்திலீன் நடுப்பகுதி உள்ள மலிவு வகை தீப்பிடிக்கக் கூடியது. 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் இறந்த தீ விபத்தில் வெளிச்சுவர் முழுக்கத் தீ பரவியதற்கு அந்த வகை ஷீட்தான் முக்கியக் காரணம். இரண்டு மாடி வீட்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், வீட்டுக்கு அது எதற்கு?

செங்கல் முகப்பு இன்னொரு கதை. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாத செங்கல் சுவர் கட்டியது பணம் மிச்சம் பிடிக்க. எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், மேல்பூச்சும் மிச்சம், உள்ளே வெப்பமும் குறையும். இன்று பலர் செய்வது சுவரைக் கட்டி, பூசி, அதன்மேல் செங்கல் மாதிரி மெல்லிய சில்லை ஒட்டுவது. சிக்கனத்தைப் போலச் செய்ய இரட்டைச் செலவு. நிஜமாகவே பூசாத செங்கல் சுவர் கட்டுவதாக இருந்தால் நல்ல கல், கவனமான பாயின்டிங் (செங்கல் இடுக்குகளைக் கலவையால் அடைப்பது), தண்ணீர் தெறிக்காத சன்ஷேடு மூன்றும் வேண்டும். இல்லையென்றால் சாதாரணப் பூச்சும் வெளிர் நிறப் பெயின்டும் போதும். இருண்ட சாம்பல் நிற முகப்பு வெயிலைக் குடித்து உள்ளே அனுப்பும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஜன்னல் பற்றிச் சுருக்கமாக: யுபிவிசியா, தேக்கா, அலுமினியமா என்பதைவிட அது எப்படித் திறக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு தட ஸ்லைடிங் ஜன்னலில் எந்நேரமும் பாதிதான் திறந்திருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு வைத்த ஜன்னலில் முழுக் காற்றும் வரும். மேற்குப் பக்கம் திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல் வைப்பதைப் பற்றிக் கரன்ட் பில் சொல்லும்.

மேலே பார்த்தால்

ஃபால்ஸ் சீலிங்கில் ஏற்கனவே ஒரு தலைமுறை பழசாகிவிட்டது. நடுவில் பூ, சுற்றி வளைவு, உள்ளே நீலமும் சிவப்புமாக எல்இடி: 2010-களின் கல்யாண மண்டப அழகு. இப்போது அதற்குப் பதில் நேர்கோடு கோடாக வெட்டிய புரொஃபைல் லைட், காந்தத் தடத்தில் ஓடும் விளக்கு. நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் பூ போன வழியில் கோடும் போகும். அப்போது ஜிப்சம் பலகையை வெட்டி, ஒட்டி, முழு சீலிங்குக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். ஸ்ட்ரிப் லைட்டோ, அதற்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவரோ சில வருடங்களில் போய்விடும், போனதை மட்டும் மாற்றினால் பாதி அறைக்கு ஒரு வெள்ளை, மீதிக்கு இன்னொரு வெள்ளை என்று ஆகும்.

உயரக் கணக்கும் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் கேட்கிறது, அதாவது ஒன்பது அடிக்குச் சற்று மேல். பத்து அடி உயர வீட்டில் அரை அடி இழப்பது பரவாயில்லை. அடுக்குமாடி வீட்டில் அந்த அரை அடி நன்றாகவே தெரியும், ஃபேன் இன்னும் கீழே இறங்கும். மேல்தளத்தில் கசிவு இருந்தால் பலகை ஊறித் தொங்கும்வரை தெரியாது. மாடி வீட்டில் சூடு குறையும் என்று சொல்லி விற்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் சூட்டை மொட்டைமாடியிலேயே தடுப்பதுதான் சரி. தட்டோடு, வெள்ளை டைல்ஸ், வெள்ளைப் பூச்சு எதுவானாலும் சரி.

மாற்று என்ன? தளம் போடும் முன்பே விளக்கு எங்கெங்கே என்று முடிவு செய்து, கான்கிரீட்டுக்குள் பைப்பும் பெட்டியும் வைத்துவிடுவது. சுவர் விளக்கு, மேலே ஒட்டும் வட்ட விளக்கு, தொங்கும் விளக்கு எல்லாவற்றையும் ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். தளம் போட்டு முடித்தவர்கள், அல்லது ஃப்ளாட் வாங்கியவர்கள், சுவரோரம் மட்டும் இரண்டு அடி அகலத்தில் ஒரே அடுக்காகப் போட்டு, ஒயரை அதற்குள் கொண்டுபோகலாம். குளியலறையில் பைப்பை மறைக்க முழுதாகப் போடுவதில் தப்பில்லை, கழற்றக்கூடிய மூடி ஒன்று இருந்தால்.

டிவி பேனலும் இதே கணக்குதான். வரிவரிப் பலகை, பின்னால் மார்பிள் அச்சிட்ட பிவிசி ஷீட், ஓரத்தில் எல்இடி என்று ஒரு சுவர் முழுக்கச் செய்தால், அந்தச் சுவர் 2020-களின் முத்திரை. ஷீட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் உரிக்கும்போது பட்டியும் பூச்சும் சேர்ந்து வரும். சுவரில் ஒரு ஸ்டாண்டு, கீழே நகர்த்தக்கூடிய நீளமான அலமாரி, ஒயர் போக உள்ளே ஒரு அகலமான பைப். மீதிப் பணத்தில் நல்ல சோபா வாங்கலாம்.

சமையலறை

திறந்த சமையலறையா, மூடியதா என்று பெரிய சண்டையே நடக்கிறது. மிளகாய் தாளித்தால் ஹாலில் இருமல் என்பது உண்மை. ஆனால் திறந்ததைப் பின்னாளில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து மூடிவிடலாம் என்பதால் இதில் நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் வெளிக்காற்றுக்கு ஜன்னல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். சிம்னி அதற்குத் துணைதான், மாற்று ஆகாது.

மாடுலர் என்றால் பெட்டி வேறு, கதவு வேறு என்று பிரித்து யோசிக்க வேண்டும். கண்ணாடி போல மின்னும் அக்ரிலிக், மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம், கைப்பிடி இல்லாத கதவு எல்லாம் கதவின் ஃபேஷன். எண்ணெய்க் கையால் கைப்பிடி இல்லாத கதவைத் திறக்கிற வீட்டில் தினமும் துடைக்கிற வேலை யாருக்கு என்பது தனிக் கேள்வி. கதவைக் கழற்றி மாற்றலாம், பெட்டி கெட்டால் எல்லாம் போச்சு. ஆகவே பெட்டியில் பணம் போடுங்கள்: தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரைப் பிளைவுட், சிங்க்குக்குக் கீழே மல்டிவுட் (பிவிசி பலகை). பழைய முறைப்படி கடப்பா கல் அல்லது கிரானைட் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி மேடை கட்டி, அதற்குக் கதவு மட்டும் போட்டால் கரையானுக்கும் பயமில்லை, செலவும் குறைவு. டிராயர் அளவுகள் மட்டும் முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். கதவுக்கு மேட் மைக்கா போதும்.

மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். குவார்ட்ஸ் துகளை ரெசினில் பிணைத்துச் செய்த பலகை அது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் ரெசின் கருகலாம், மஞ்சள் கறையை உடனே துடைக்காவிட்டால் தங்கலாம். கறுப்பு கிரானைட் மேடை தமிழ்நாட்டில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பழசு என்று யாரும் சொன்னதில்லை.

குளியலறை

மேட் கறுப்புக் குழாய், கறுப்பு ஷவர். உங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீரா என்று மட்டும் கேட்பேன். உப்புத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு துளியும் கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளியாகக் காயும். அதைப் போக்க அமிலம் போட்டால் மேட் பூச்சே போகும். குரோம் சலிப்பானதுதான், ஆனால் துடைத்தால் போய்விடும்.

சுவரில் தொங்கும் வெஸ்டர்ன் டாய்லெட், சுவருக்குள் மறைந்த ஃப்ளஷ் டேங்க், மறைந்த டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடுவது) ஆகியவற்றின் தோற்றம் சீக்கிரம் பழசாகாது. தரை கழுவவும் வசதி. சிக்கல் உதிரிப் பாகத்தில். அந்த மாடல் நின்றுபோனால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் பாகம், கிடைக்காது, டைல்ஸை உடைக்க வேண்டிவரும். பல வருடமாகச் சந்தையில் இருக்கும் மாடலை எடுத்து, வாங்கும் அன்றே உதிரிக்கு ஒரு கார்ட்ரிட்ஜும் வாங்கிவிடுவது நல்லது. டைல்ஸிலும் அப்படியே: ஒவ்வொரு டிசைனிலும் ஓரிரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். பிறகு தேடிப்போனால் டிசைன் கிடைத்தாலும் அதே ஷேடு கிடைக்காது. பெட்டியின் மேல் இருக்கும் பேட்ச் எண்ணை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.